இருபத்துமூன்றாம் அத்தியாயம் யாருடையது

தொள்ளாயிரத்து அறுபது.

இந்த எண்ணை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். சலவைக்கூடத்தின் மடிப்பு மேசையில் நிற்கும் ஒரு பெண், ஒரு ஷிப்டில் மடித்துத் தள்ள வேண்டிய உருப்படிகள் அவ்வளவு. துண்டு, தலையணை உறை, மேசை விரிப்பு எல்லாம் சேர்த்து. ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு அரை நாள் கூலிதான்.

கதை என்னவோ நடுநிலைப் பள்ளியில் இங்கிலீஷ் பாடம் எடுத்த ஒருத்தியைப் பற்றியது. ஆனாலும் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பிளேடு டீச்சர். பேசியே கழுத்தை அறுப்பாள், அதனால் வந்த பெயர் என்று மற்ற வாத்தியார்கள் சிரித்துக்கொண்டார்கள். அவள் கொஞ்சம் அறுப்பாள்தான், மறைப்பானேன். ஆனால் பெயர் வந்த வழி வேறு.

வயது நாற்பத்தொன்று. ஒப்பந்த வேலை. ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் அவள் கழுத்தில் ஒரு கயிறு மாட்டப்படும். மேலிருந்து கையெழுத்து வந்தால் கயிறு கழற்றப்படும். இதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றேதான், அங்கே நாற்காலி கிடையாது. தபாலில் பட்டம் வாங்கினாள். கணவர் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். இரண்டு பேருக்குமே முதுகு வலி. வீட்டில் தைலம் மட்டும் என்றைக்கும் தீர்ந்தது கிடையாது.

அந்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு ஒரு பழைய நாவல் புதிதாகப் பாடமாக வந்தது. எழுதியவர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டுப் பிரதி கேட்டு எழுதினாள். வந்தது ஒன்று. அதுவும் முத்திரை குத்தி வந்தது.

"ஒண்ணாவது வந்துச்சே, சந்தோஷப்படுங்க" என்றார் தலைமையாசிரியர். வாயைத் திறந்தால் மேலிடத்துச் சுற்றறிக்கையைத்தான் ஒப்பிப்பார் என்பதால் பிள்ளைகளிடையே அவருக்குச் சர்குலர் சார் என்று பெயர். "நீங்க படிச்சுச் சுருக்கமாச் சொல்லுங்க. பசங்க எழுதிக்கட்டும். போன வருஷப் புஸ்தகத்துக்கும் அப்படித்தானே?"

போன வருஷமும் அப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும். அவள் பட்டம் வாங்கியதே நோட்ஸ் புத்தகத்தை உருப்போட்டுத்தான். எந்த நாவலையும் அவள் முழுசாகப் படித்ததில்லை. அது அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்து, புத்தகத்தின் முதுகில் துணி போட்டுத் தேய்த்தாள். கோந்து இளகியது. ஜெராக்ஸ் கடையில் கற்ற வித்தை. பிளேடை எடுத்து ஒவ்வொரு அத்தியாயமாக வகுந்து, தனித்தனி அட்டை போட்டுப் பின் அடித்தாள். முப்பத்தெட்டு அத்தியாயம். வகுப்பில் முப்பத்தெட்டுத் தலை.

கணவர் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, முத்திரை குத்தின புஸ்தகம். மாட்டினா?"

"மாட்டினா ஒட்டிடலாம்."

"புஸ்தகத்தை ஒட்டிடலாம். வேலையை?"

அவள் பிளேடைத் துடைத்து வைத்தாள்.

வகுப்பில் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தாள். சட்டங்களை வகுப்பே கூடி வைத்தது. அவரவர் அத்தியாயத்தை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அகராதியோடு மல்லுக்கட்டிப் படிக்க வேண்டும். முறை வரும் நாளில் எழுந்து சொல்ல வேண்டும். முதல் ஐந்து வாக்கியம் இங்கிலீஷில்; அப்புறம் நாக்கு எப்படிப் புரளுதோ அப்படி. முறை வரும் முன்னால் யாரும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

கடைசிச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் ஒரு குண்டுப் பையன். "மிஸ், நீங்களும் முன்னாடி படிக்கக் கூடாது. படிச்சீங்கன்னா உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

"டேய், நான் டீச்சர்டா."

"அதனாலதான் மிஸ் சொல்றேன்."

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. அவளும் தூக்கினாள். வேறு வழி?

அன்றிலிருந்து வகுப்பில் யாருக்கும் பெயர் இல்லை. "ஏய் பதினேழு, ஸ்கேல் குடு." "மிஸ், ஒம்போது கிள்றா." குண்டுப் பையன் இருபத்துநாலு. அவனுக்கு முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, பேசினால் தனக்கே கேட்காத பெண் இருபத்துமூணு.

கதை இதுதான். ஓர் ஆறு. அதன் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து, ஒரு முதலாளியின் படகை ஓட்டும் ஒரு விதவை. அவளுக்கு ஒரே மகன், முன்கோபி. ஒரு நாள் நட்டாற்றில் கயிறு அறுந்து படகு கவிழ்கிறது. இரண்டு பேர் சாகிறார்கள். அன்று காலை கையில் கத்தியோடு கயிற்றடியில் மகனைப் பார்த்ததாக ஊர் சொல்கிறது. அவன் கழுத்துக்குத் தூக்குக் கயிறு தயார். பார்த்த ஒரே நேர்சாட்சி தாய். இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் படகுக்காரி சாட்சிக் கூண்டில் ஏறுகிறாள்.

இருபத்திரண்டு சொல்லி முடித்து உட்கார்ந்தபோது வகுப்பில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அடுத்த நாள் இருபத்துமூணின் முறை.

அன்று மணி அடித்த பிறகு டீச்சர் அந்தப் பெண்ணை நிறுத்தி ஒத்திகை பார்த்தாள். முதல் ஐந்து வாக்கியமும் காற்றில் போயின.

"இந்தக் குரல்ல சொன்னா பக்கத்துல இருக்கறவளுக்கே கேக்காது. நாளைக்கு நீ சொதப்பினா மொத்தக் கதையும் படுத்துடும். தெரியுதா?"

உசுப்பிவிடத்தான் சொன்னாள். பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஓடியது. டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம வாய்தான் அந்தப் பிள்ளையை விரட்டிவிட்டது என்று மனசு நாள் முழுக்கக் குத்தியது.

வகுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருபத்துநாலின் பாடு அதைவிட மோசம். பதில் அவன் பையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மிட்டாய் காட்டினார்கள், மிரட்டினார்கள், ஒருத்தன் தன் சைக்கிளையே ஒரு ரவுண்டு தருகிறேன் என்றான். அவன் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தான். பயல் இளைத்துக்கூடப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை சர்குலர் சார் கூப்பிட்டார். மேசை மேல் சில ஜெராக்ஸ் தாள்கள்.

"திங்கட்கிழமை கல்வி ஆபீசர் வர்றார். உங்க நாவல் வகுப்பைத்தான் பாக்கணுமாம். ஏதோ கேள்விப்பட்டிருக்கார்." அவர் தண்ணீர் குடித்தார். பயந்த மனுஷர், கெட்டவர் இல்லை. "வகுப்பு ஏன் நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியும். இந்தாங்க, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிரதியில இருந்து எடுத்தது. இருபத்துமூணாம் அத்தியாயம். நல்லாப் பேசற பையனா ஒருத்தன்கிட்ட குடுங்க. கதை ஓடட்டும்."

"அது அந்தப் பொண்ணோட அத்தியாயம் சார்."

"வராத பொண்ணுக்கு என்ன அத்தியாயம்? உங்க ஒப்பந்தத் தாள்ல அவர்தான் கையெழுத்துப் போடணும். நான் ஒண்ணும் மிரட்டலை. நடக்கறதைச் சொல்றேன்."

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பை நெருப்புத் துண்டு மாதிரி இடுப்பில் சுட்டது.

"அவளோட அத்தியாயத்தை வேற ஒருத்தர் சொன்னா என்ன?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அவ வந்தா எதைச் சொல்லுவா?" என்றாள் ஒம்போது.

"வந்தா உக்காந்து கேக்கட்டும்."

"மொத்தமே முப்பத்தெட்டுதானே மிஸ் இருக்கு? அப்ப அவளுக்கு ஒண்ணுமே இருக்காதே."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "எங்கப்பா காய்ச்சலோட வேலைக்குப் போவாரு மிஸ். லீவு போட்டா வேற ஆளை உக்கார வெச்சிடுவாங்களாம். இதுவும் அதே மாதிரிதானே?"

யாரும் சிரிக்கவில்லை. இருபத்துநாலு எழுந்து நின்றான். "அவ சொல்லாம நான் சொல்ல மாட்டேன் மிஸ். ஆபீசர் வந்தாலும் சரி, அவங்கப்பா வந்தாலும் சரி."

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இதற்கு வேலைநிறுத்தம் என்று பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரியாமலே செய்தார்கள். டீச்சர் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அன்று பள்ளி விட்டதும் நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். ஒரு வொர்க்ஷாப்பின் பின்பக்கம் வரிசையாக ஒற்றை அறைகள். கதவு திறந்திருந்தது. அம்மாக்காரி அடுப்படியில் நின்று இடது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு.

"ஸ்கூல்ல இருந்தா?" என்றாள் திரும்பிப் பார்க்காமலே. "பேரை வெட்டப் போறீங்களா? வெட்டிக்கோங்க."

"இல்லம்மா. நான் அன்னிக்குக் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். அதனாலதான் வரலையோன்னு..."

அவள் திரும்பினாள். சிரிப்பா, இருமலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. "நீங்க திட்டினதுக்கா? அதுக்கெல்லாம் எங்களுக்கு எங்க டீச்சர் நேரம்?"

பிறகு சொன்னாள். சலவைக்கூடத்து நீராவி பிரஸ்ஸில் வால்வு ஆறு மாசமாகக் கசிகிறது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் ஒரேயடியாகச் சீறிவிட்டது. கை ஆற இன்னும் மூன்று வாரமாகும். அதுவரைக்கும் மேசையில் அவள் இடத்தில் ஆள் நிற்க வேண்டும். இல்லையென்றால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவான்.

"எட்டு வருஷமா நின்ன இடம். அவ போய் நிக்கறா."

"அவளுக்குப் பதிமூணு வயசும்மா."

"தெரியும் டீச்சர். பெத்தது நான்தான்."

டீச்சர் அந்தக் கைக்கட்டைப் பார்த்தாள்.

"புகார் கிகார்னு கிளம்பிடாதீங்க. நீங்க ஒரு தாள்ல எழுதுவீங்க, முதல்ல போறது என் வேலையாத்தான் இருக்கும்." கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க குடுத்த புஸ்தகத் துண்டைத் தினமும் எடுத்துக்கிட்டுத்தான் போறா. அங்க எதுக்கு அதுன்னு கேட்டா, பதில் சொல்ல மாட்டேங்கறா."

சனிக்கிழமை டீச்சர் சலவைக்கூடத்துக்குப் போனாள். போய் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டுக்குள் நுழைந்ததும் சோப்பு வாடையும் வெக்கையும் மூஞ்சியில் அறைந்தன. மேஸ்திரி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தான்.

"அந்தப் பொண்ணோட டீச்சர் நான்."

அவன் முகம் வெளுத்தது. "இங்க சின்னப் பொண்ணு யாரும் வேலை செய்யலையே மேடம். அவங்கம்மாவுக்குப் பதிலா நிக்குது, அவ்வளவுதான்."

"அதுக்குப் பேர் என்ன சார்?"

"உதவி."

அவள் அவனைத் தாண்டிப் போனாள். அவன் தடுக்கவில்லை, பின்னாலேயே வந்தான்.

நீள மேசை. இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். பதிமூன்றாவதாக ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று மடித்துக்கொண்டிருந்தாள் இருபத்துமூணு. பின்னால் உலர்த்தும் இயந்திரங்கள் காது கிழிய ஓடின. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று டீச்சர் தேடினாள். நம்ப முடியவில்லை. தனக்கே கேட்காமல் பேசும் பிள்ளை, கூரை தெறிக்கக் கத்திக்கொண்டிருந்தது.

"...ஜட்ஜ் கேக்கறாரு, அம்மா, அன்னிக்குக் காலைல நீ பாத்தியா..."

இருபத்துமூன்றாம் அத்தியாயம்! டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தூக்கி வைத்த சட்டம் ஞாபகம் வந்தது. நாற்பத்தொரு வயது மனுஷி, சலவைக்கூடத்தின் நடுவில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்கவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. மடிப்பு, தட்டு, அடுக்கு. மடிப்பு, தட்டு, அடுக்கு. திடீரென்று எல்லாக் கையும் நின்றன. அந்தக் கூடத்தில் கரண்ட் போனால் மட்டுமே நடக்கிற காரியம் அது.

"யாருடி அது, காதைப் பொத்திக்கிட்டு?" கேட்டவள் மேசையின் தலைமாட்டில் நின்றவள். ஆண் குரல் மாதிரிக் கட்டையான குரல். அதனால் எல்லோருக்கும் அவள் கட்டைக்குரல் அக்கா.

பெண் திரும்பினாள். கையிலிருந்த துண்டு விழுந்தது. "மிஸ்..."

"ஓ, டீச்சரம்மாவா? நல்ல நேரத்துல வந்தீங்க. மிச்சம் எங்க?"

"என்ன மிச்சம்?"

"கதையோட மிச்சம்! ஒரு வாரமா முதல்ல இருந்து சொல்லிக்கிட்டு வந்தா. இன்னிக்குப் படகுக்காரி வாயைத் திறந்தாளாம், அதோட முடிஞ்சு போச்சாம். இது என்ன நியாயம்?"

"ஐயோ, சொல்லாதீங்க! நான் இன்னும் இருபத்துமூணு கேக்கல!"

மேசையே சிரித்தது. "நீங்கதானே டீச்சர்?" என்றாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மிச்சம் எங்கிட்ட இல்லக்கா. ஒரு பையன்கிட்ட இருக்கு. அவன் வாயைத் திறக்கணும்னா, இவ வந்து வகுப்புல இருபத்துமூணைச் சொல்லணும். இவ வராம கதை ஒரு அடி நகராது. அங்க முப்பத்தேழு பேர் உக்காந்திருக்காங்க, உங்களை மாதிரியே."

சிரிப்பு அடங்கியது. கட்டைக்குரல் அக்கா சோப்புப் பெட்டியைப் பார்த்தாள், பெட்டி மேல் நின்ற கால்களைப் பார்த்தாள், அடுக்கைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள்.

"ஏய், நாம பன்னெண்டு பேர் இருக்கோம். இவ பங்கைப் பிரிச்சுக்கிட்டா ஆகாதா?"

"சாப்பாட்டு நேரம் பாதி போயிடும்" என்றாள் ஒருத்தி. "என் இடுப்பு ஏற்கெனவே கழண்டு கிடக்கு."

"படகுக்காரி என்ன சொன்னான்னு உனக்குத் தெரியணுமா, வேணாமா?"

"தெரியணும்."

"அப்ப இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே மடி."

மேஸ்திரி குறுக்கே வந்தான். "மேசைக்குப் பதிமூணு ஆள். அதுதான் ரூல்."

"உங்களுக்கு ஆள் வேணுமா சார், உருப்படி வேணுமா? அவ பேருக்குத் தொள்ளாயிரத்து அறுபது வந்தாப் போதும்ல?"

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"எண்ணிக்கை சரியா இருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா டீச்சரம்மா இங்கேயேதான் நிக்கறாங்க. அவங்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியும்."

மேஸ்திரி டீச்சரைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அம்மாக்காரி நேற்றுச் சொன்னது காதில் ஒலித்தது. இப்போது வார்த்தை ஒன்று தப்பினால் போவது இன்னொருத்தியின் சோறு. அதனால் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் வாழ்க்கையில் அறுக்காமல் நின்ற ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

"திங்கட்கிழமை பாக்கறேன்" என்றான் கடைசியில். "ஒரு உருப்படி குறைஞ்சாலும் மறுநாள் அந்த இடத்துல வேற ஆள் நிக்கும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் பெண், பழைய குரலில்.

"உங்கம்மாகிட்ட நான் பேசறேன்" என்றாள் அக்கா. "நீ ஒண்ணு மட்டும் செய். அன்னிக்குச் சாயங்காலம் கேட்டுக்கு வந்து மிச்சத்தைச் சொல்லிட்டுப் போகணும். வரலைன்னா வீடு தேடி வந்து உதைப்பேன்."

அம்மாக்காரி ஒத்துக்கொண்டாளா என்று தெரியாமல்தான் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தள்ளினாள். கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஜெராக்ஸ் இன்னும் பையிலதானா?"

"பையிலதான்."

"படிச்சியா?"

"இல்ல."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு நூலைக் கோத்தார்.

திங்கட்கிழமை. ஆபீசர் பின் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒல்லியான மனுஷர், மடியில் ஒரு கோப்பு. சர்குலர் சார் கதவருகில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அந்த இடம் காலி.

"தொடங்கலாமே" என்றார் ஆபீசர். "எந்த அத்தியாயம்?"

"இருபத்துமூணு சார்."

"யார் சொல்றாங்க?"

சர்குலர் சாரின் கண் டீச்சரின் பையைப் பார்த்தது. பிறகு இருபத்துநாலைப் பார்த்தது. பிறகு மறுபடி பையைப் பார்த்தது. டீச்சர் பைக்குள் கை விட்டாள். தாள்கள் விரலில் பட்டன. ஒரு நொடி. நீட்டினால் வகுப்பு ஓடும், ஒப்பந்தம் ஓடும், வீட்டில் அடுப்பு எரியும். அந்தப் பெண் வந்தால் உட்கார இடம் இருக்கும். சொல்ல ஒன்றும் இருக்காது.

கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"அத்தியாயக்காரி இன்னும் வரல சார். காத்துக்கிட்டிருக்கோம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல சார்."

சர்குலர் சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆபீசர் கோப்பைத் திறந்தார், பேனாவைத் திறந்தார், எழுதாமல் வைத்திருந்தார். முப்பத்தேழு பிள்ளைகளும் கதவைப் பார்த்தன. வெளியே யாரோ வாளியை இழுத்துப் போகிற சத்தம். ஒரு காக்கை. அப்புறம் வராந்தாவில் செருப்புச் சத்தம், ஓட்டமும் நடையுமாக.

வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. தலையில் பாதிப் பின்னல்தான். மீதி அவிழ்ந்து கிடந்தது. ஒற்றைக் கையால் பின்னிவிட்ட தலை வேறு எப்படி இருக்கும்? கையில் அட்டை போட்ட இருபத்துமூன்றாம் அத்தியாயம்.

"சாரி மிஸ். அம்மா இப்பத்தான் சரின்னாங்க."

நேராக முன்னால் போய் நின்று வாயைத் திறந்தாள். சலவைக்கூடத்துக் குரல். ஆபீசர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. முதல் ஐந்து வாக்கியமும் இங்கிலீஷில் இடி மாதிரி இறங்கின. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோய், அங்கிருந்த வாத்தியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நீதிமன்றம், கூட்டம், படகின் முதலாளி முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது, மகன் தலை குனிந்து நிற்பது, எல்லாம் வந்தன. டீச்சர் முதல் தடவையாக அந்த அத்தியாயத்தைக் கேட்டாள். ஜட்ஜ் கேட்கிறார். படகுக்காரி வாயைத் திறக்கிறாள்.

"அவ்வளவுதான்" என்றாள் பெண். உட்கார்ந்தாள்.

"டேய் இருபத்துநாலு!" முப்பத்தாறு தொண்டையும் ஒரே நேரத்தில்.

குண்டுப் பையன் எழுந்தான். இத்தனை நாள் சுமந்த மூட்டையை இறக்கப் போகிறவன் மாதிரித் தோளைக் குலுக்கிக்கொண்டான். படகுக்காரி சொன்னாள்: என் மகன் கையில் கத்தியைப் பார்த்தேன். பிய்ந்த நுனியை நறுக்கிவிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கயிறு மூன்று வருஷமாக இத்துப்போய்க் கிடந்தது. மாற்றச் சொல்லி முதலாளி வீட்டு வாசலில் மூன்று தடவை நின்றேன். சொல்லிவிட்டு, கையை நீட்டி, முதல் வரிசையைக் காட்டினாள்.

ஆபீசர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "முழுப் புத்தகம் எங்க? பாக்கலாமா?"

சர்குலர் சார் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக அட்டைகள் உயர்ந்தன. ஒன்று முதல் முப்பத்தெட்டு வரைக்கும், ஒரு தாள் குறையாமல்.

டீச்சருக்கு ஒரு மெமோ வந்தது: அரசு நூலைச் சேதப்படுத்தியதற்காக. ஒப்பந்தத் தாளும் வந்தது, அதே கையெழுத்தோடு. ஜெராக்ஸைச் சர்குலர் சாரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "நானும் இன்னும் படிக்கல" என்றார், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல.

அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து கேட்டருகில் பன்னிரண்டு பெண்களும் நின்றார்கள். பெண் சொன்னாள். முதலாளியை நோக்கி நீண்ட கையோடு கதை நின்றபோது, கட்டைக்குரல் அக்கா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அறையை விட்டு வந்து மேஸ்திரியும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

"கதை நல்லா இருக்குல்ல சார்?"

அவன் உள்ளே போனான்.

மறுநாள் பிரஸ்ஸின் வால்வை மாற்ற மெக்கானிக் வந்தான். கதையைக் கேட்டு மனசு இளகி ஆள் அனுப்பினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், மெக்கானிக் வரும் வரைக்கும். அன்றைக்கும் எண்ணிக்கையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அம்மாக்காரியின் கை ஆற மூன்று வாரம் ஆனது. அதற்குள் வகுப்பு முப்பத்தெட்டாம் அத்தியாயத்தைத் தொட்டுவிட்டது. கேட்டருகிலும் தொட்டுவிட்டார்கள். இருபத்துமூணு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கவும் இல்லை.

அதற்காக மேசையில் நின்றவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் கூடுதலாக மடித்தது, ஆளுக்கு எண்பது.